பதவி போனால் பாதுகாப்பும் போகுமா?

"பிள்ளை, தூதுவர் எண்டா ஒரு நாடும் பிடிக்கேலாதாமே, அப்ப எங்கட வழக்கு?" வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் இருந்த போராட்டக் கொட்டகையில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். 2017 ஆகஸ்ட் முடிந்த கையோடு. பிரேசிலுக்கான இலங்கைத் தூதுவர், முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரியவுக்கு எதிராக மனித உரிமை அமைப்புகள் அங்கும் கொலம்பியாவிலும் முறைப்பாடு செய்திருந்தன. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். அந்த நாட்களிலேயே நாடு திரும்பினார். அம்மாவுக்கு ஒழுங்கான பதில் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

விடுபாட்டுரிமை இரண்டு வகை. முதலாவது கதிரைக்கு உரியது. அரச தலைவர், வெளிவிவகார அமைச்சர், பணியாற்றும் நாட்டில் தூதுவர்: பதவியில் இருக்கும்வரை வேற்று நாட்டு நீதிமன்றம் கைவைக்க முடியாது. கொங்கோவின் வெளிவிவகார அமைச்சருக்குப் பெல்ஜியம் 2000இல் பிறப்பித்த பிடியாணை தவறு என்று 2002இல் சர்வதேச நீதிமன்றமே சொன்னது. எனக்கு உடன்பாடில்லாத தீர்ப்பு, ஆனாலும் அதுதான் சட்டம்.

இரண்டாவது செயலுக்கு உரியது. அரசின் பெயரால் செய்தவற்றுக்கான பாதுகாப்பு, பதவி போன பின்னும் தொடரும். சிக்கல் இங்கேதான்: சித்திரவதை அரச கடமையா?

சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே முதுகுச் சத்திரசிகிச்சைக்கு இலண்டன் போனார். 1998 ஒக்டோபரில் ஸ்பெயின் நீதிபதி ஒருவரின் கோரிக்கையில் கைதானார். சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் மூன்று நாடுகளும் சேர்ந்த பிறகு, சித்திரவதைக்கு முன்னாள் அரச தலைவர் விடுபாட்டுரிமை கோர முடியாது என்று 1999இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 1988 பிற்பகுதிக்கு முந்தைய குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் அடிபட்டுப்போயின. 2000இல் உடல்நலத்தைக் காட்டி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006இல் தண்டனை பெறாமலே இறந்தார்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் பதவி ஒரு கேடயம் அல்ல. ரோம் சாசனத்தின் 27ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இலங்கை அதில் சேரவில்லை. பாதுகாப்புச் சபை அனுப்பாமல் 2009 அங்கே போவது கடினம். மிஞ்சுவது வேற்று நாட்டு நீதிமன்றங்கள்.

முன்னாள் தூதுவருக்கு மிஞ்சும் பாதுகாப்பு, தூதுவராக அவர் செய்த வேலைக்கு மட்டும். வன்னியில் நடந்தது தூதரக வேலை அல்ல. அவர் தரப்பு அடுத்துப் பிடிக்கக்கூடியது இரண்டாவது வகையை. அங்கே பினோசே தீர்ப்பு வந்து நிற்கும். அதையும் தாண்டினால் சாட்சியம்: எந்தத் திகதி, எந்த இடம், யாருடைய கட்டளையின் கீழ் எந்தப் படையணி.

பிறகொருநாள் இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒரு பழைய கொப்பியை எடுத்தார். வட்டுவாகலில் மகனை ஒப்படைத்த திகதி, பஸ் நின்ற இடம், நின்ற ஆமிக்காரரின் தொப்பி நிறம்வரை எழுதியிருந்தார்.

"இதைக் கொப்பி அடிச்சு வையுங்கோ அம்மா," என்றேன். மழையில் ஒரு பக்கம் ஏற்கனவே கரைந்திருந்தது.