காணியும் சதுர அடியும்

விழுப்புரம் ஜில்லா வானூர் தாலுக்காவில், புதுச்சேரிக்கு வடக்கே, குயிலாப்பாளையம் என்றொரு சிற்றூர் உண்டு. செம்மண் பூமி; மணிலாவும் முந்திரியும் விளைந்த ஊர்.

1968-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி, அருகே ஆரோவில் நகரைத் துவக்கியபோது, 124 தேசங்களின் மண்ணைக் கொணர்ந்து ஒரு தாழியில் இட்டார்கள். அந்நகரம் தனி ஒருவருக்குச் சொந்தமன்று, மனித குலம் முழுமைக்கும் உரியது என்பது அதன் சாஸனம்.

எல்லைக்கு வெளியிலோ, மண்ணுக்கு வந்த மவுசைக் கேட்க வேண்டுமா! பல தேசத்து யாத்ரிகர்களுக்காக விடுதிகளும் சிற்றுண்டிச் சாலைகளும் எழும்பிவிட்டன. பாட்டனார் காணிக் கணக்கில் உழுத நிலத்தைத் தரகர்கள் சதுர அடியால் அளக்கிறார்கள். விற்ற பணம் மச்சு வீடாகிறது, மோட்டார் சைக்கிளாகிறது, அது குற்றமன்று. ஆனால் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்ட குடியானவர், தம் பழைய தோப்பிற்குள் நுழைய இனி வாயிற்காவலனிடம் அனுமதி கேட்க வேண்டும்.