குழு கூடினால் கட்சிக்கு என்ன வேலை?

டீ சூடாக இருக்கு, மெதுவாகக் குடிங்க தம்பி. மகளிர் குழு நல்ல காரியம்தானே, அதில் எதற்கு அரசியல் சண்டை என்று கேட்டீங்க. நம்ம கீழக்குயில்குடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைக் குற்றவாளி என்ற குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்துக் கள்ளர் சமூகத்தின் மேல் வெள்ளைக்காரன் முதலில் போட்டது இந்த ஊரில்தான், 1914-இல். அந்தச் சட்டம் கேட்ட கைரேகையை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூரில் திரண்டவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். 16 உயிர் போனது. இல்லாதவன் கூட்டமாக நின்றால் சந்தேகப்படுகிற பழக்கம் அப்படிப் பழையது.

இப்போது கணக்குக்கு வருவோம். இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய் என்று வையுங்க. மாதம் ஆயிரம், வருஷத்தில் பன்னிரண்டாயிரம். கந்துவட்டிக்காரரிடம் பத்து வட்டிக்கு ஐயாயிரம் வாங்கினால் மாதம் 500 ரூபாய் வட்டிக்கே போகும். குழுவில் இரண்டு வட்டி என்றால் 100 ரூபாய். மிஞ்சுகிற நானூறு யார் கையிலிருந்து போகிறது? அந்த ஆளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? இந்த மாதிரிக் குழுக்கள்தான் 1990 வாக்கில் மதுரை வட்டாரத்தில் ‘களஞ்சியம்’ என்று வளர்ந்தன. பிறகு தானம் அறக்கட்டளை அவற்றை எடுத்து நடத்தியது.

அதில் வந்தவர்தான் பில்லுசேரி சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாது. வயல் வேலைக்குப் பெண்களைக் கொத்தாகக் கூட்டிப்போய், நிலக்காரரிடம் கூலி பேசி முடிப்பவர். கூலி கேட்டுப் போராட வேண்டியவர்களைச் சேமிப்பு நோட்டில் முடக்கிவிட்டார்கள் என்று இடதுசாரிகளில் சிலர் சொல்வதுண்டு. பல குழுக்களுக்கு அது பொருந்தும். இந்த அம்மாவிடம் சொல்லிப் பார்க்க முடியாது, அவர் தொடங்கியதே கூலிப் பேச்சில்.

2001-இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ. ஆனால் 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில், பிரதமர் வீட்டுத் திட்டத்தில் தருவதாகச் சொன்ன வீடு வரவில்லை என்று அவர் சொன்ன வீடியோ பரவியது. உடனே முதல்வர் ஸ்டாலின், மாநில அரசு வீடு கட்டித் தரும் என்றார். வீடு கேட்டது ஒரு கிழவி. அதை வைத்து மோதிக்கொண்டது இரண்டு கட்சி.

குழுக்களுக்கும் அதே கதிதான். 2021 தேர்தலுக்கு முன் கூட்டுறவு வங்கிக் குழுக் கடன் தள்ளுபடி என்று ஆளுங்கட்சியும் சொன்னது, எதிர்க்கட்சியும் சொன்னது. ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால், ஏழைகள் கூடுவதில் அரசியல் இருப்பது தப்பே இல்லை. கூட்டத்தை அடுத்தவர் இரவல் வாங்கிப் போவதுதான் தப்பு.

அடுத்த முறை வேன் அனுப்பி உங்க அம்மா குழுவை மாநாட்டுக்குக் கூப்பிட்டால், போவதா வேண்டாமா என்று அவர்களே உட்கார்ந்து பேசி, முடிவைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்க.