வெகுளியின் நிலைக்களனும் ஆசிரியரின் பணி அழுத்தமும்: கூர்நோக்கு இல்லக் கல்வியை முன்வைத்து

செங்கற்பட்டிலுள்ள சிறுவர்களுக்கான அரசு சிறப்பு இல்லத்தின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. 1897ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம், 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எனச் சட்டங்கள் மாறின. பெயரிலிருந்த ‘பள்ளி’ மறைந்து ‘இல்லம்’ வந்தது. ஆயினும், அங்குப் பாடம் சொல்பவர் கற்பிப்பவரா, காவல் காப்பவரா என்னும் வினா இன்னும் தீரவில்லை. அவ்வாசிரியரின் பணி அழுத்தத்திற்கு இவ்விரட்டை நிலையே முதற்காரணம் எனலாம்.

காலமும் அவருக்கு எதிராக நிற்கிறது. கரிக்கலாம்பாக்கம் போன்ற சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியர் ஓராண்டு முழுவதும் ஒரே வகுப்பைக் காண்கிறார். கூர்நோக்கு இல்லத்திலோ மாணவன் விசாரணைக் காலம் வரையே இருப்பான். அவ்விசாரணையை நான்கு மாதங்களில் முடிக்கவேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. இரண்டு மாதம் நீட்டிக்கலாம். பிணை கிடைத்தால் மறுநாளே சென்றுவிடுவான். எழுத்துக் கூட்டிப் படிப்பவனும் பொதுத்தேர்வு எழுத வேண்டியவனும் ஒரே அறையில் அமர நேரலாம். உழைப்பின் பயனை ஆசிரியர் காண்பதேயில்லை. கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வின் கூறுகளாக வகுத்த மூன்றனுள், உணர்ச்சி வறட்சி, பிறரை ஆளாகக் கருதாமை ஆகியவற்றோடு சாதனை உணர்வின் குறைவும் ஒன்று.

உணர்ச்சிசார் நுண்ணறிவு என்னும் கருத்தைப் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990இல் முன்வைத்தனர். பிறர் உணர்ச்சியை முகத்திலும் உடலிலும் கண்டறிதல் அதன் அடிப்படைத் திறன். அகத்து நிகழ்வதைப் புறத்துக் குறிகளால் உணர்தலைத் தமிழ் மரபு மெய்ப்பாடு என்று வழங்கும். தொல்காப்பியர் வெகுளிக்கு உறுப்புக் குறைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொலை ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகக் கூறுகிறார். நான்குமே ஒருவர்க்கு இழைக்கப்படும் ஊறுகள். செய்யுள் உறுப்பாகிய மெய்ப்பாட்டை உளவியலோடு முற்றாக ஒன்றுபடுத்துதல் பொருந்தாது. எனினும், வகுப்பில் மேசையைத் தள்ளிவிடும் சிறுவனின் சினத்தை ஒழுங்கீனமாகக் காண்பதற்கும், அதற்கு முன் நிகழ்ந்த ஊறு எது என வினவுவதற்கும் இடையிலான தொலைவை இவ்வகைப்பாடு தெளிவாகக் காட்டுகிறது. இரண்டாவதைச் செய்யும் ஆசிரியர் அச்சினத்தைத் தம்மீதான தாக்குதலாக ஏற்பதில்லை. அந்த அளவுக்கு அவர் சுமை குறைகிறது.

ஆனால் இதற்கும் விலையுண்டு. ஆர்லி ஹாக்சீல்டு 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உணராததை உணர்வதுபோல் மேலுக்குக் காட்டுதலும் ஓர் உழைப்பே என்றார். அச்சத்தை மறைத்துக்கொண்டு அமைதிமுகம் காட்டும் இல்ல ஆசிரியர்க்கும் இது பொருந்தும்.

இந்நிலையில், பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்தி உணர்ச்சிசார் நுண்ணறிவை வளர்த்துவிட்டால் போதும் என்னும் பரிந்துரை நிறுவனத்தின் குறையைத் தனியாளின் தோளில் ஏற்றுவதாகும். 2022 டிசம்பர் இறுதியில் செங்கற்பட்டுக் கூர்நோக்கு இல்லச் சிறுவன் ஒருவன் இறந்தான், பணியாளர்கள் கைதாயினர். தமிழ்நாடு அரசு 2023இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தி, இல்லங்களின் நிருவாகத்தையே ஆராயச் செய்தது. ஆசிரியரின் நிலையையும் அவ்வாறே நிருவாகத்தோடு சேர்த்துக் காணல் வேண்டும். தண்டிக்கும் பொறுப்பு ஆசிரியரிடம் உள்ளவரை, சிறுவன் தன் சினத்தின் காரணத்தை அவரிடம் சொல்லமாட்டான்.