வெள்ளைக்கொடி

ரயில் நிலையத்தில் பச்சைக்கொடி காட்டினால் வண்டி புறப்படும். சிவப்புக்கொடி காட்டினால் நிற்கும். வெள்ளைக்கொடி காட்டினால்?

எங்கள் வகுப்பில் ஒரு பாட்டி கேட்டார்: "சண்டையில் வெள்ளைத் துணியைக் காட்டினால் சுடமாட்டார்களாமே, நிஜமா கண்ணு?"

நல்ல கேள்வி. விடையைப் பார்ப்போம்.

போரில் வெள்ளைக்கொடிக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, "பேச வருகிறோம்." மற்றொன்று, "சரணடைகிறோம்." இரண்டிலும் ஒரு வாக்குறுதி இருக்கிறது. "நாங்கள் சுடமாட்டோம். நீங்களும் சுடாதீர்கள்" என்பதே அது.

ஏன் வெள்ளை? வெள்ளைத் துணி தூரத்திலிருந்தே தெரியும். வேட்டியோ துண்டோ எது கிடைத்தாலும் கம்பில் கட்டிவிடலாம். எதிரியின் மொழி தெரிய வேண்டியதில்லை. எழுத்தும் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் நடந்ததைப் பாருங்கள். 1942 பிப்ரவரி 15. சிங்கப்பூரை ஜப்பான் படை நெருக்கிவிட்டது. பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பான் தளபதி யமாஷிதாவைச் சந்திக்கப் போனார். உடன் சென்ற அதிகாரி வெள்ளைக்கொடி பிடித்திருந்தார். யாரும் அவர்களைச் சுடவில்லை. ஒரு கார் தொழிற்சாலையில் பேச்சு நடந்தது. பெர்சிவல் கையெழுத்திட்டார். அன்று இரவே சண்டை நின்றது.

ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களும் அங்கே கைதிகள் ஆனார்கள். கைதிகளில் பலர் பிறகு பசியாலும் நோயாலும் அடியாலும் இறந்தார்கள். சரணடைந்த பிறகும் பாதுகாப்பு வேண்டும் அல்லவா? இதற்குச் சட்டம் இருக்கிறது.

1907-ல் ஹேக் நகரில் பல நாடுகள் ஒப்பந்தம் செய்தன. பேச்சுக்காக வெள்ளைக்கொடியுடன் வரும் தூதரைத் தாக்கக் கூடாது. சரணடைந்தவரைக் கொல்லக் கூடாது. 1949-ல் வந்த ஜெனீவா ஒப்பந்தம் கைதிகளை மனிதத் தன்மையோடு நடத்தச் சொல்கிறது. இந்தியாவும் அதை ஏற்றுள்ளது.

இன்னொரு விதியும் உண்டு. வெள்ளைக்கொடியைக் காட்டி ஏமாற்றக் கூடாது. ஒருவன் கொடியைக் காட்டி எதிரியை அருகே வரவழைத்துச் சுடுகிறான் என்று வையுங்கள். அடுத்த முறை உண்மையாகவே சரணடைய வருபவரை யார் நம்புவார்கள்? ஒருவன் செய்த வஞ்சனைக்குப் பலர் உயிர் போகும்.

பாட்டிக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "துணி காப்பாற்றாது, கொடுத்த வாக்குதான் காப்பாற்றும் என்று சொல்" என்றார்.

பேசிப் பாருங்கள்:
வெள்ளைக்கொடியைக் காட்டி ஏமாற்றினால் யாருக்கெல்லாம் கேடு?
நம் ஊர்ச் சண்டையில் "பேசலாம் வாருங்கள்" என்று முதலில் சொல்பவர் தோற்றவரா?