ஒரு வட்டுக்கு இரு எஜமானரா?

சென்ற மிஷன் ஞாயிறுக்கு எங்கள் வகுப்பில் காணிக்கை சேர்த்தோம். கணக்கு நோட்டு ஒன்றுதான். நேரம் போதாது என்று எங்களில் இருவர் அதன் பக்கத்தைத் தனித்தனியே நகல் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு வரிசையில் பணம் வாங்கினோம். மாலையில் ஒருத்தி தன் தாளை நோட்டில் ஒட்டினாள். பின்னால் வந்தவள் அதன்மேலேயே தன் தாளை ஒட்டிவிட்டாள்! பெட்டியில் பணம் இருந்தது. 11 பேரின் பெயர்கள் இல்லை. பெயர் விடுபட்ட தோழி ஒருத்தி, “நான் கொடுக்கவேயில்லை என்று சிஸ்டர் நினைப்பார்களே” என்று கண் கலங்கினாள்.

கணினிகளும் இதே தவற்றைச் செய்யும் என்று அறிந்தபோது வியந்தோம்.

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி பரிமாறுபவரை நினைக்க வேண்டாம். பல கணினிகளுக்குச் சேவை புரியும் கணினியே சர்வர். அதற்குரிய வட்டை வேறோர் இடத்தில் வைத்து, வலைப்பின்னல் வழியே இணைக்கலாம். இதற்கு உதவும் ‘ஐஸ்கஸி’ விதிமுறை 2004இல் வெளியாயிற்று. வட்டு முழுவதும் 512 அல்லது 4,096 பைட் கொண்ட சிறு கட்டங்களாக இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. “701ஆம் கட்டத்தில் இதை எழுது” என்றால் வட்டு எழுதும். எழுதியது கடிதமா, படமா என்று அதற்குத் தெரியாது. எந்தக் கட்டம் காலி, எதில் எந்தக் கோப்பு என்று அறிந்திருப்பது சர்வரிலுள்ள கோப்பு முறைமையே.

ஒரே வட்டை இரண்டு சர்வர்களில் இணைத்தால் என்ன ஆகும்? நன்றாகவே இணையும்; ஆபத்தும் அதில்தான்! அமேசான் நிறுவனம் 2020இல், ஒரு வட்டை 16 சர்வர்கள் வரை இணைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் எக்ஸ்.எஃப்.எஸ். போன்ற சாதாரணக் கோப்பு முறைமை, வட்டு தனக்கே சொந்தம் என்று நம்புவது. வேகத்திற்காகக் காலிக் கட்டங்களின் பட்டியலைத் தன் நினைவகத்தில் நகலாக வைத்துக்கொள்ளும். இரு சர்வர்களும் 701 காலி என்று எண்ணி எழுத, ஒன்று எழுதியது அழியும். உடனே பிழைச் செய்தியும் வராது. ஒன்று எழுத, மற்றது படிக்க மட்டும் என்று வைத்தாலும் பயனில்லை. படிப்பதன் கையில் இருப்பது பழைய நகல் அன்றோ!

இதற்குப் பூட்டு வேண்டும். 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கிளஸ்டரில், எழுதுமுன் ஒவ்வொரு கணினியும் பூட்டு மேலாளரிடம் அனுமதி பெற்றது. லினக்ஸில் 2006 முதல் உள்ள ஓ.சி.எஃப்.எஸ்.2 முறைமையும் பூட்டை நம்பியதே. பூட்டு வைத்திருக்கும் சர்வர் திடீரென மௌனமானால்? அதை வட்டிலிருந்து துண்டித்த பிறகே மற்றவை தொடரும். இல்லாவிட்டால் விழித்தெழுந்து பழைய அனுமதியோடு எழுதிவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்றால், எளிய வழியும் உண்டு. வட்டை ஒரே சர்வர் வைத்துக்கொள்ள, மற்றவை கோப்புகளை அதனிடம் கேட்டுப் பெறலாம். சன் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். அத்தகையது. பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது எங்கள் எண்ணம்.

அந்த 11 பெயர்களையும் மறுநாள் கேட்டு எழுதிவிட்டோம். நோட்டு இப்போது ஒருத்தியிடம் மட்டும் இருக்கிறது. பணம் வாங்குகிறவர்கள் அவளிடம் வந்து சொல்கிறோம்.