அச்சமும் உவகையும்

சென்ற மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் ஒரு விடியற்காலை இணுவிற் கந்தசுவாமி கோயிலில் வழிபட்டு வெளியே வந்தேன். என் பழைய மாணாக்கர் ஒருவர் துவிச்சக்கர வண்டியைப் பிடித்தபடி வீதியோரம் காத்து நின்றார். மணமாகி ஒன்பது மாதம். அம்மணத்துக்கு யானும் சென்றிருந்தேன். சிறிது தூரம் பேசாமலே உடன் நடந்தவர், திடீரென்று, "ஐயா, நீங்கள் அண்டைக்கு வகுப்பிலை சொன்ன நாற்பது துளிக் கதை உண்மையோ?" என்று கேட்டார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது வெட்கமாயிருந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன், திருக்குறளின் மருந்து அதிகாரத்தை நடத்துகையில், பாடத்தை விட்டு விலகி, நாற்பது துளி இரத்தம் ஒரு துளி சுக்கிலமாகும் என்றும், அதனை வீணே இழப்பவன் பின்னாளில் இல்லறத்துக்கு உதவான் என்றும் முழங்கியிருக்கிறேன். என் ஆசிரியர் எனக்குச் சொன்னது அது. ஆராயாமல் வாங்கினேன், ஆராயாமற் கொடுத்தேன். பதினைந்து வயதுப் பிள்ளை அதனை மணவறை வரை சுமந்து சென்றிருக்கிறான். அவர் இசைவு தந்ததனாலேயே, அவரை இனங்காட்டக் கூடியவற்றை மாற்றி, இதனை எழுதுகின்றேன்.

சித்த மருத்துவம் உடற்கட்டுகளை ஏழாக வகுத்துச் சுக்கிலத்தை இறுதியில் வைக்கும். அந்த வைப்புமுறையிலிருந்து பாமரர் ஒரு கணக்கைத் தாமே வளர்த்துக்கொண்டனர். 'தாது நட்டம்' என்று நாம் அஞ்சுவதற்கு, இந்திய உளமருத்துவர் விக் என்பார் 1960இல் நோய்க்குறித்தொகுதி ஒன்றின் பெயரே இட்டார். பத்மல் த சில்வா, திசாநாயக்க ஆகிய இருவரும் இலங்கை ஆண்களிடம் இவ்வச்சத்தை ஆராய்ந்து 1989இல் கட்டுரை வெளியிட்டனர். இது கீழைத்தேயத்து மடமை மட்டுமன்று. சுவிற்சர்லாந்து மருத்துவர் திசோ 1760இல் எழுதிய நூல் ஐரோப்பியரையும் இதே அச்சத்தால் ஆட்டிவைத்தது. உண்மையோ மிக எளிது. சுக்கிலப்பாயத்தின் பெரும்பகுதி சில சுரப்பிகளின் நீர். ஒருமுறை வெளிப்படுவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியளவு. உடல் அதனை மீண்டும் ஆக்கிக்கொள்கிறது. உறக்கத்தில் அது வெளிப்படுதல் இயல்பு. இரத்தம் அதனாற் குறைவதில்லை.

அவருடைய துன்பம் இரண்டாய் இருந்தது. விறைப்பு நிலைக்கவில்லை, விந்தும் முந்தியது. எது முதலில் வந்தது என்று அவராற் சொல்ல இயலவில்லை. இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து வருதல் அரிதன்று என்பர் மருத்துவர். விறைப்பு நீங்கிவிடுமோ என்று அஞ்சுபவன் விரைகின்றான், விரைவு பழக்கமாகின்றது. முந்திவிடுமோ என்று அஞ்சுபவன் கிளர்ச்சியை அடக்க முயல்கின்றான். அடக்கவே விறைப்புத் தளர்கின்றது. ஒன்று மற்றொன்றுக்கு விறகிடுகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தை ஐந்தாவதாகவும் உவகையை எட்டாவதாகவும் வைத்தார். இவ்விரண்டும் ஓர் உடம்பில் ஒருங்கே நில்லா என்பதை நரம்பியல் இன்று வேறு சொற்களிற் சொல்கிறது. அச்சம் வந்தால் பரிவு நரம்புத் தொகுதி கிளர்ந்து, குறியின் நாடிகளையும் மழமழப்பான தசைகளையும் இறுக்குகிறது. இரத்தம் உட்புக வழியில்லை. விறைப்புக்கு வேண்டுவது பரபரிவு நரம்புகளின் தொழிலும் தசையின் தளர்வும். பாம்பைக் கண்டவனுக்கு உடல் செய்து கொடுக்கும் உதவியைப் பள்ளியறையிற் புகுந்தவனுக்கும் செய்தால் என்னாகும்? அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்னும் இருவர் 1970இல் வெளியிட்ட நூலில், இத்தகையவன் தன் செயலைத் தானே எட்டி நின்று பார்க்கும் பார்வையாளனாகி விடுகிறான் என்று விளக்கினர். முதன்முதல் மேடையேறும் மாணவப் பேச்சாளர் தம் குரலைத் தாமே கேட்கத் தொடங்கியதும் நாவு குழறுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோமே, அது போன்றது.

ஆனால் எல்லாவற்றையும் அச்சத்தின் தலையிற் கட்டுவதும் பிழை. என் மாணாக்கரை யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். விடியலில் துயிலெழும்போது விறைப்பு உண்டா என்பது அவர் முதற் கேள்விகளுள் ஒன்று. அது நன்றாக இருந்தால் நாடியும் நரம்பும் பெரும்பாலும் செம்மையாக உள்ளன என்று கொள்ளலாமாம். இவருக்கு அதுவும் குறைந்திருந்தது. இரத்தத்தைச் சோதித்தார்கள், சர்க்கரை மிகுந்திருந்தது. நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட்டும் உண்டு. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகை ஆகியன நாடிகளின் உட்சுவரைக் கெடுப்பன. எம்மூர்ச் செம்மண்ணில் விளையும் புகையிலை இவ்வழக்கில் நிரபராதியன்று. குறிக்குச் செல்லும் நாடிகள் இதய நாடிகளிலும் ஒடுங்கியவை ஆதலால், விறைப்புக் குறைபாடு சிலருக்கு மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னரே தோன்றும் எச்சரிக்கையாகும். வெட்கத்தால் மறைப்பவன் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே மறைக்கிறான்.

ஆகவே சிகிச்சையும் இருமுனைப்பட்டது. சர்க்கரைக்கு மருந்தும் உணவுமுறையும், புகை நிறுத்தம், சில காலத்துக்கு விறைப்புக்கான மாத்திரை. இரண்டு குறையும் சேர்ந்திருப்பின் விறைப்பை முதலிற் செம்மைப்படுத்துவதோ, இரண்டையும் ஒருங்கே மருத்துவம் செய்வதோ முறை. சில்டெனாபில் என்னும் மாத்திரை 1998 முதல் மருத்துவர் கையில் உள்ளது. நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மருந்து உண்பவர் அதனை உட்கொண்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நண்பர் கொடுத்ததென்று விழுங்கத் தக்கதன்று. விந்து முந்துதற்கு, கிளர்ச்சி எல்லைக்கு வருமுன் நிறுத்தி, தணிந்தபின் தொடரும் பயிற்சியை 1956இல் செமன்ஸ் என்பார் விளக்கினார். அச்சத்துக்கு மருந்து வேறு: கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே இருத்திப் பேசினர், சில கிழமைகளுக்குக் கலவியையே விலக்கி, தீண்டலும் அணைத்தலும் மட்டும் போதும் என்று விதித்தனர். தேர்வு இல்லையென்றால் தோல்வியும் இல்லையன்றோ!

மனைவியார் அதுவரை, குற்றம் தம் அழகில் என்று எண்ணி அழுதிருக்கிறார். கணவர் அதனை அறியவேயில்லை.

சொல் பற்றி ஒன்று. இக்குறையை 'ஆண்மைக் குறைவு' என்று சுவரெல்லாம் ஒட்டி இலேகியம் விற்கிறார்கள். வேளாண்மை, தாளாண்மை, பேராண்மை என்பவற்றில் ஆண்மை என்பது ஆளும் தன்மையைக் குறித்தது. நாடி சுருங்கிய ஒருவனை அச்சொல்லாற் சுட்டுவது, நோயைச் சொல்வதோடு நில்லாமல் ஆளையே பழிப்பதாகும். 'விறைப்புக் குறைபாடு' என்றால் என்ன குறைந்துவிடும்? 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும் மொழிபெயர்த்தும் பணிபுரிந்த கிறீன் வைத்தியர் அன்றே உடலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடினார். சொல்லில்லை என்ற சாட்டு நமக்கில்லை.

இணுவிலில் மக்லியோட் மருத்துவமனை 1898இல் பெண்களுக்காகத் தோன்றியது. நம் பாட்டியரும் அன்னையரும் தம் உடல்நோவைச் சொல்ல ஓரிடம் நூறாண்டுக்கு மேலாக இவ்வூரில் உண்டு. ஆண்களுக்கு வாசிகசாலைத் திண்ணை இருந்தது. அங்கே அரசியல் பேசலாம், இதனைப் பேச முடியாது. இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போவதை எவனாவது கண்டால் 'விசர்' என்பானோ என்று என் மாணாக்கரும் தயங்கினார். யான் உடன் சென்று வாங்கில் அமர்ந்திருந்தேன்.

ஏழு மாதம் சென்றன. விறைப்பு மீண்டது, முந்துதல் இடைக்கிடை உண்டு, ஆயினும் அதற்கு அவர் இப்போது அஞ்சுவதில்லை. சிகரெட்டை மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை என்று அவர் மனைவியார் என்னிடம் முறையிட்டார். சென்ற கிழமை மருந்து அதிகாரத்தை மீண்டும் நடத்தினேன். நாற்பது துளிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, அதன்மேற் கோடிட்டு, இதனை யான் பல்லாண்டு பிழையாகச் சொல்லி வந்தேன் என்றேன். வகுப்பிற் சிரிப்பெழுந்தது. பின்வரிசையில் இருவர் சிரிக்கவில்லை. மணி அடித்த பின்னும் எழாமல் இருந்தார்கள்.