லயத்துக் கயிறும் யாழ் நரம்பும்

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நான் படித்தபோது அங்கு சுரமானி இருக்கவில்லை. கதி என்பது மீடிறனை அலைநீளத்தால் பெருக்க வருவது என்று மனனம் செய்தேன். பரீட்சையில் கணக்குப் பிழைத்தது. அலையைக் கண்ணால் கண்டிருந்தால்தானே!

பின்னர் லயத்து வாசலில் துணி காயப்போடும் கயிறுதான் எனக்கு ஆசானாயிற்று. ஆறு மீற்றர்க் கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியை இழுத்துப் பிடித்து அசைத்தேன். கயிறு முழுவதும் ஒரே வயிறாகப் பருத்து ஆடியபோது, பத்துச் செக்கனில் ஏறத்தாழப் பத்து அசைவுகள். ஒரு வயிறு அரை அலை. ஆகவே அலைநீளம் 12 மீற்றர். கதி செக்கனுக்கு 12 மீற்றர். இரண்டு வயிறுகள் தோன்ற இருபது அசைவுகள் வேண்டியிருந்தன. அலைநீளம் 6 மீற்றராகக் குறைந்தது. கதியோ அதே 12! கையின் அவசரம் அலையை விரைவுபடுத்துவதில்லை. கயிற்றின் இழுவையும் பாரமுமே கதியைத் தீர்மானிக்கின்றன. இழுவை நான்கு மடங்கானால் கதி இரு மடங்காகும்.

நேயர்களே, காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்த யாழை அவர் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டும், நரம்பின் கணக்கைக் கொண்டும் தேடினார். 1947 இல் அவரது 'யாழ் நூல்' அரங்கேறியது. ஒரே இழுவையில் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் இரட்டிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் ஒன்றரை மடங்காகும். குரலுக்கு இளி பிறப்பது அப்படித்தான். யாழ் மறைந்தபின்னும் அந்தக் கணக்கு மாறவில்லை.

சூத்திரத்தை மனனம் செய்யும் பிள்ளையிடம் முதலில் ஒரு கயிற்றைக் கொடுங்கள்.